எருமைக் கறியும் ஏழையின் இரத்தமும்

அமெரிக்க நாட்டில் பைசன் என்று ஒரு மாடு இருக்கிறது. திமிலும் தாடியும் கொண்ட பெரிய மாடு. ஒரு காலத்தில் காட்டில் திரிந்த அந்த மாட்டை இன்று பண்ணைகளில் வளர்த்து, அறுத்து விற்கிறார்கள். சாதாரண மாட்டுக் கறியை விட அதற்கு விலை அதிகம். கொழுப்புக் குறைவு, புரதம் மிகுதி, இரும்புச் சத்து நிறைவு, ஆகவே உடம்புக்கு உகந்தது என்று விளம்பரம் செய்கிறார்கள். வசதி படைத்தவர்கள் தேடிப் போய் வாங்குகிறார்கள்.

ஒலக்கூரிலும் திண்டிவனத்திலும் உழைத்துப் பிழைக்கும் நமக்கு இந்தச் செய்தியால் என்ன லாபம் என்று தோழர்கள் கேட்கலாம். லாபம் இருக்கிறது. அந்தக் கறியில் எந்தெந்தச் சத்துக்கள் இருப்பதாகப் பெருமை பேசப்படுகிறதோ, அவை அநேகமாக அத்தனையும் நம் ஊர் எருமைக் கறியில் இருக்கின்றன. எந்தக் கறியை வாங்கி வரும்போது நம் வீட்டுப் பெண்கள் பைக்குள் பை வைத்து மறைத்து எடுத்து வருகிறார்களோ, அந்தக் கறியில்!

கணக்கைப் பார்ப்போம். கொழுப்பு நீக்கிய பைசன் பச்சைக் கறி 100 கிராமில் சுமார் 21 கிராம் புரதம் இருக்கிறது. எருமைக் கறியில் சுமார் 20 கிராம். இரண்டிலும் கொழுப்பு 2 கிராமுக்கும் குறைவுதான். இரும்புச் சத்தில் மட்டும் பைசன் சற்று மேலே நிற்கிறது. வேறு பெரிய வித்தியாசம் கிடையாது. வித்தியாசமெல்லாம் அதைச் சாப்பிடுபவன் யார் என்பதில்தான். அங்கே சீமான் தின்றால் ஆரோக்கிய உணவு. இங்கே கூலிக்காரன் தின்றால் இழிந்த உணவு. இது என்ன நியாயம்?

ஒரு விஷயத்தை ஆரம்பத்திலேயே தெளிவாக்கி விடுகிறோம். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் ஆனைமலையிலும் திரியும் காட்டு மாட்டை வெள்ளைக்காரன் இந்தியப் பைசன் என்று அழைத்தான். அது வேறு பிராணி. 1972-ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வேட்டையாடுவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். காட்டின் செல்வம் அது. அதைக் காப்பாற்றத்தான் வேண்டும். நாம் பேசுவது வீட்டில் வளர்த்து, பால் கறந்து, ஏர் பூட்டி, வயதான பின் சந்தையில் விற்கும் எருமையையும் மாட்டையும் பற்றித்தான்.

உழைப்பவன் உடம்புக்கு என்ன வேண்டும்?

அரிசி மில்லில் மூட்டை தூக்குபவரையும், வெயிலில் கரும்பு வெட்டுபவரையும், மரக்காணம் பக்கம் சவுக்குக் கட்டை சுமப்பவரையும், இடுப்பு வளைந்து நாற்று நடும் பெண்களையும் எண்ணிப் பாருங்கள். இவர்கள் உடம்பு ஒவ்வொரு நாளும் தேய்கிறது. தேய்ந்த தசையைத் திரும்பக் கட்டுவது புரதம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம் புரதம் வேண்டும் என்பது நம் நாட்டு ஊட்டச் சத்து நிபுணர்கள் 2020-ல் வகுத்த கணக்கு. 100 கிராம் எருமைக் கறி அதில் ஐந்தில் இரண்டு பங்கைக் கொடுத்து விடுகிறது.

சோற்றில் புரதம் இல்லையா? இருக்கிறது. 100 கிராம் அரிசியில் சுமார் 7 கிராம் உண்டு. ஆனால் புரதம் என்பது ஒரே சரக்கு அல்ல. பல துண்டுகள் சேர்ந்த சங்கிலி அது. அரிசிப் புரதத்தில் லைசின் என்ற ஒரு துண்டு பற்றாக்குறை. கறியிலும் பருப்பிலும் அது நிறைய உண்டு. ரேஷன் அரிசிச் சோறும் ரசமும் மட்டுமே மூன்று வேளையும் சாப்பிடும் குடும்பத்தில் வயிறு நிரம்பும், உடம்பு தேறாது. வாரத்தில் ஒரு நாளாவது அந்தச் சோற்றோடு கறி சேர்ந்தால் சோற்றின் பலனும் கூடுகிறது.

அடுத்தது இரும்புச் சத்து. இதுதான் இரத்தத்தின் ஆதாரம். கீரையிலும் தானியத்திலும் இரும்பு இருக்கிறது. ஆனால் நம் குடல் அதில் சிறு பங்கைத்தான் உறிஞ்சுகிறது. சாப்பாட்டோடு டீ குடித்தால் அதுவும் குறைகிறது. கறியில் உள்ள இரும்பு அப்படியல்ல. அது இரத்தத்தோடு சேர்ந்த வடிவத்தில் இருப்பதால் உடம்பு அதிகமாக ஏற்றுக் கொள்கிறது. அது மட்டுமல்ல. கறியோடு சேர்த்துச் சாப்பிடும் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைக் கூடுதலாக உறிஞ்சவும் உதவுகிறது. எலுமிச்சம்பழமும் நெல்லிக்காயும் இதே உதவியைச் செய்கின்றன.

மூன்றாவது, பி-12 என்ற வைட்டமின். செடி கொடியில் இது கிடைப்பதில்லை. பால், முட்டை, மீன், கறி ஆகியவற்றில்தான் கிடைக்கிறது. இது குறைந்தால் சோகை வரும், கை கால் மரத்துப் போகும், நாக்குப் புண்ணாகும். துத்தநாகச் சத்தும் கறியில் நிறைய உண்டு. குழந்தை வளர்வதற்கு அது அவசியம்.

இரத்தம் குறைந்தால் கூலியும் குறையும்

2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு என்ன சொல்லுகிறது? தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 53 பேர் இரத்த சோகை உள்ளவர்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 100-க்கு 57 பேர். பாதிக்கு மேல்! முன்னேறிய மாநிலம் என்று மேடைக்கு மேடை முழங்கப்படும் நம் மாநிலத்தின் நிலை இது. இந்தப் பெண்கள் யார்? மாளிகைகளில் இருப்பவர்களும் அதில் சிலர் இருக்கலாம். ஆனால் நடவு வயலிலும் செங்கல் சூளையிலும் மில்லிலும் நிற்பவர்களுக்குத்தான் அந்தச் சோகை கூலியையும் பறிக்கிறது.

எப்படிப் பறிக்கிறது? இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் ஒரு பரிசோதனை நடந்தது. அதன் முடிவு 1979-ல் வெளியாயிற்று. சோகை பிடித்த கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு இரும்புச் சத்து கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தம் ஏற ஏற அவர்கள் பறித்த கொழுந்தின் எடையும் கூடியது. அதே ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வில், இந்தோனேசிய ரப்பர் தோட்டத் தொழிலாளரிடமும் இதே பலன் தெரிந்தது. அதாவது, அந்தத் தொழிலாளி அதுவரை சோம்பேறியாக இருக்கவில்லை. அவர் உடம்பில் இரத்தம் இல்லை! மேஸ்திரி சோம்பேறி என்று திட்டும்போதெல்லாம் இதை நினைவில் வையுங்கள்.

நம் வீட்டுக்குள்ளேயும் ஒரு நியாயம் கேட்க வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அரைக் கிலோ கறி வாங்கினால் அது யார் தட்டில் விழுகிறது? ஆண்கள் தட்டில் சதை. பிள்ளைகள் தட்டில் எலும்பு. ஆக்கிப் போட்டவள் தட்டில் குழம்பு. சில இடங்களில் கறி வீட்டுக்கே வருவதில்லை. சாராயத்துக்குத் தொட்டுக் கொள்ளக் கடைத்தெருவிலேயே தீர்ந்து விடுகிறது. இரத்தம் அதிகமாக வேண்டியவள் மாதாமாதம் இரத்தம் இழக்கும் பெண், கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய். சம உரிமை பேசும் தோழர்கள் அதைக் கறிச் சட்டியிலிருந்தே தொடங்க வேண்டும். முதல் துண்டு அவளுக்கு.

இழிவு என்று சொன்னது யார்?

மாட்டுக் கறி தின்பது தாழ்ந்த ஜாதிப் பழக்கம் என்று காலங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. அகநானூற்றிலேயே மாட்டுக் கறி உண்ட வீரர்களைப் பற்றிய செய்தி இருக்கிறது. அப்போது அது இழிவாகக் கருதப்படவில்லை. 1948-ல் வெளியான தீண்டப்படாதார் பற்றிய நூலில் டாக்டர் அம்பேத்கார் ஒரு கருத்தை முன் வைத்தார். ஒரு காலத்தில் எல்லாரும் உண்ட உணவு, பின்னர் சிலர் விட்டு விட்டதால், விடாதவர்களை ஒதுக்கி வைக்கும் அடையாளமாக மாற்றப்பட்டது என்பது அவர் வாதம்.

அதே அம்பேத்கார் 1927-ல் மகத் மாநாட்டில், செத்த மாட்டின் இறைச்சியைத் தின்னாதீர்கள் என்று ஒடுக்கப்பட்ட ஜனங்களைக் கேட்டுக் கொண்டார். இரண்டும் முரண்பாடா? இல்லை. செத்த மாட்டைத் தூக்கச் சொல்லி, அதைக் கூலியாகக் கொடுத்தது அடிமைத்தனம். நல்ல மாட்டின் கறியைத் தன் காசு கொடுத்து வாங்கிச் சமைத்துச் சாப்பிடுவது மனிதனின் உரிமை. முன்னதை ஒழிக்க வேண்டும். பின்னதைக் காக்க வேண்டும்.

இந்த உரிமைக்கு இன்று பல பக்கமிருந்தும் ஆபத்து வருகிறது. 2015 செப்டம்பரில் உத்தரப் பிரதேசத்தின் தாத்ரி அருகே, வீட்டில் பசு இறைச்சி வைத்திருந்தார் என்று வதந்தி கிளப்பி முகம்மது அக்லாக்கை அடித்தே கொன்றார்கள். அது வடநாட்டு விவகாரம் என்று இருந்து விட முடியாது. 2017 மே மாதம் சென்னை ஐ.ஐ.டி.யில் மாட்டுக் கறி விருந்தில் கலந்து கொண்ட ஒரு மாணவர் தாக்கப்பட்டார். 2019 ஜூலையில் நாகை ஜில்லா பொரவாச்சேரியில், மாட்டுக் கறி சூப் குடிக்கும் படத்தை வெளியிட்ட ஓர் இளைஞர் தாக்கப்பட்டார். 2022 மே மாதம் ஆம்பூரில் நடக்கவிருந்த பிரியாணித் திருவிழாவில் மாட்டுக் கறி பிரியாணிக்கு இடம் இல்லை என்றார்கள். தோல் தொழிலாளர் நிறைந்த அந்த ஊரில் அது அன்றாட உணவு! எதிர்ப்புக் கிளம்பியது. திருவிழா தள்ளி வைக்கப்பட்டது. இது பாகுபாடு ஆகாதா என்று மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் ஜில்லா கலெக்டரிடம் விளக்கம் கேட்டது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் மாட்டுக் கறி உண்பதற்குத் தடை கிடையாது. 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து வயதைக் கடந்து வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாத மாட்டையும் எருமையையும், அல்லது நிரந்தரமாக முடமானதை, அதிகாரியின் சான்றிதழ் பெற்று அறுக்கலாம். பசுவையும் கிடாரியையும் அறுக்க 1976-ல் அரசாணை மூலம் தடை வந்தது. 2017 மே மாதம் மத்திய சர்க்கார் புதிய விதிகளைப் போட்டது. சந்தையில் அறுப்புக்காக மாடு விற்பதையே அவை தடுத்தன. எருமையையும் அதில் சேர்த்தார்கள். மதுரை உயர் நீதிமன்றக் கிளை அதே மாதம் 30-ஆம் தேதி தடை விதித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுமைக்கும் விரித்தது.

அந்த விதிகளால் அடி விழ இருந்தது யாருக்கு? கறி தின்பவனுக்கு மட்டுமல்ல. வற்றிப் போன எருமையையும் கிழட்டு எருதையும் விற்றுத்தான் சிறு விவசாயி அடுத்த மாடு வாங்குகிறான். விற்க முடியாத மாட்டுக்குத் தீவனம் போட அவனிடம் காசு ஏது? ஏற்கனவே தமிழ்நாட்டில் எருமைகள் குறைந்து வருகின்றன. 2012 கணக்கெடுப்பில் சுமார் 7.8 லட்சம் இருந்தவை 2019-ல் சுமார் 5.2 லட்சம்.

இன்னொரு வேடிக்கையையும் பாருங்கள். இந்தியா ஆண்டுதோறும் 10 லட்சம் டன்னுக்கு மேல் எருமைக் கறியை வியட்நாம், மலேசியா, எகிப்து முதலிய நாடுகளுக்கு ஏற்றுமதி செய்கிறது. அந்த வியாபாரத்தில் டாலர் குவிகிறது. கப்பலில் ஏறினால் அந்நியச் செலாவணி. ஒலக்கூரில் ஒரு தொழிலாளியின் சட்டியில் ஏறினால் பாவம்! டாலருக்குத் தீட்டு இல்லை போலும்.

பைசனின் கதை நமக்குச் சொல்வது

ஒரு ஜனக் கூட்டத்தின் உணவைப் பறித்தால் என்ன ஆகும் என்பதற்குப் பைசனின் கதையே சாட்சி. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட அமெரிக்கச் சமவெளிகளில் 3 கோடி முதல் 6 கோடி பைசன்கள் இருந்திருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். லகோட்டா, செயன் முதலிய பழங்குடிகள் அவற்றை நம்பி வாழ்ந்தார்கள். கறியைக் காய வைத்து இடித்து, கொழுப்பும் பழமும் கலந்து, மாதக் கணக்கில் வைத்துச் சாப்பிட்டார்கள். நம் பாட்டிமார் உப்புக் கண்டம் போட்டு வைப்பது போன்ற காரியம்தான். அன்று உலகிலேயே மிக உயரமான மனிதர்களில் அவர்களும் சேர்ந்தவர்கள் என்று அந்தக் காலத்து அளவுகள் காட்டுகின்றன.

பிறகு ரயில் வந்தது. தோல் வியாபாரிகள் துப்பாக்கியோடு வந்தார்கள். பைசன் தோல் எதற்குப் போயிற்று தெரியுமா? மில் இயந்திரங்களை ஓட்டும் பட்டை செய்ய! லட்சக் கணக்கில் சுட்டுத் தோலை உரித்துக் கொண்டு, கறியை வெட்டவெளியில் அழுக விட்டார்கள். மந்தை அழிந்தால் பழங்குடிகள் தானாகப் பணிவார்கள் என்று ராணுவத் தளபதிகள் மகிழ்ந்தார்கள். 1889-ல் கணக்கெடுத்தபோது எஞ்சியவை ஆயிரத்துச் சொச்சம். பட்டினி கிடந்த ஜனங்கள் சர்க்கார் போடும் மாவுக்குக் கையேந்தினார்கள். அதற்குப் பின் பிறந்த தலைமுறையின் உயரமே குறைந்து போயிற்று என்று ஆராய்ச்சியாளர் கண்டிருக்கிறார்கள்.

அவர்களிடமிருந்து மந்தையைத் துப்பாக்கி பறித்தது. நம்மிடம் கறித் துண்டைப் பறிப்பதற்கு அவமானம் என்ற ஆயுதமே போதுமானதாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சோற்றுப் பாத்திரத்தை மூடி வைத்துக் கொண்டு சாப்பிடும் பிள்ளை, நாளடைவில் அந்த உணவையே வெறுக்கிறது. வீடு வாடகைக்குக் கேட்டால் கறி சமைப்பீர்களா என்று கேட்கிறார்கள். ஆட்டுக் கறி கிலோ 800 ரூபாய்க்கு மேல் விற்கிறது. நூறு நாள் வேலைக்கு 2025-26-ல் அறிவித்த தினக் கூலி 336 ரூபாய். ஒரு நாள் கூலியை முழுதாகக் கொடுத்தாலும் அரைக் கிலோ ஆட்டுக் கறி வராது. அதன் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும் கறியை விட்டு விடு என்றால், கறியே தின்னாதே என்றுதான் அர்த்தம்.

கவனிக்க வேண்டியவை

கறியைப் புகழ்கிறோம் என்பதற்காகக் கண்ணை மூடிக் கொண்டு சாப்பிடச் சொல்லவில்லை. நோயில் செத்த மாட்டின் கறியைத் தொடவே கூடாது. அடைப்பான் நோய் மாட்டிலிருந்து மனிதனுக்குத் தொற்றும், உயிரைக் குடிக்கும். அரைவேக்காட்டுக் கறியால் நாடாப் புழு வரும்; நன்றாக வேக வைக்க வேண்டும். ஈரல் இரும்பும் வைட்டமின் ஏ-யும் நிறைந்தது. ஆனால் கர்ப்பிணிகள் அதை அதிகம் சாப்பிடுவது நல்லதல்ல. 2015-ல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்று நோய் ஆராய்ச்சிப் பிரிவு, பதப்படுத்திய இறைச்சி புற்று நோய்க்குக் காரணம் என்றும், ஆடு மாட்டின் சிவப்புக் கறியும் அநேகமாக ஒரு காரணம் என்றும் அறிவித்தது. வாரத்துக்கு அரைக் கிலோ சமைத்த கறிக்கு மேல் ஒருவர் உண்ண வேண்டாம் என்பது நிபுணர்கள் யோசனை. தினமும் மூன்று வேளை கறி தின்னும் சீமானுக்கு அது எச்சரிக்கை. வாரம் ஒரு நாள் நூறு கிராம் பார்க்கும் நம் குடும்பங்கள் அந்த எல்லைக்கு வெகு தூரம் கீழே நிற்கின்றன.

கறி உண்ணாதவர்களை உண்ணச் சொல்வதும் நம் வேலை அல்ல. யாருக்கு எது பிடிக்குமோ, எது அவர்கள் நம்பிக்கைக்கு ஒத்ததோ, அதை உண்ணட்டும். நம் திண்டிவனம் மண்ணின் வேர்க்கடலை இருக்கிறது. டி.எம்.வி. என்று கடலை ரகங்களுக்குப் பெயர் வந்ததே திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்தால்தான். 100 கிராம் வேர்க்கடலையில் சுமார் 25 கிராம் புரதம். ஆனால் நடப்பது என்ன? கடலையைச் செக்கில் ஆட்டி எண்ணெயைப் பட்டணத்துக்கு அனுப்பி, புண்ணாக்கை மாட்டுக்குப் போடுகிறோம். கடலை பிடுங்கியவன் பிள்ளைக்குக் கடலையும் இல்லை, அந்தக் கடலை தின்று வளர்ந்த மாட்டின் கறியும் கூடாது என்றால், அவன் எதைத் தின்று வளர்வது?

நாம் கேட்பவை நான்கு.

ஒன்று: திண்டிவனம், விழுப்புரம் பகுதி நகராட்சிகளிலும் ஒன்றியங்களிலும் மாட்டுக்கும் எருமைக்கும் சுத்தமான அறுப்புக் கூடம், தண்ணீர் வசதி, கால்நடை மருத்துவர் பரிசோதனை, முத்திரை இட்ட கறி. ஆட்டுக் கறிக்கு உள்ள மரியாதை மாட்டுக் கறிக்கும் வேண்டும்.

இரண்டு: பள்ளி, விடுதி, ஆலை, சர்க்கார் விழா எதிலும் உணவைக் காட்டி ஒருவரை ஒதுக்கக் கூடாது. ஒதுக்குபவர் மீது நடவடிக்கை வேண்டும்.

மூன்று: சத்துணவு முட்டையை எந்தச் சாக்கு சொல்லியும் குறைக்கக் கூடாது. அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இரத்தப் பரிசோதனையும் இரும்புச் சத்து மாத்திரையும் தடையின்றிக் கிடைக்க வேண்டும்.

நான்கு: வாரம் ஒரு நாளாவது கறியோ மீனோ, தினமும் பருப்போ வாங்கக் கூடிய கூலி. இது இல்லாமல் மற்ற மூன்றும் காகிதத்தில்தான் நிற்கும்.

இந்தக் கோரிக்கைகளை ஒன்றிய அலுவலகத்துக்கும் கிராம சபைக்கும் கொண்டு செல்லுங்கள். மில் வாசல் கூட்டங்களில் பேசுங்கள். கறி தின்னாத தொழிலாளியும் தின்னும் தொழிலாளிக்காகக் கையெழுத்துப் போடட்டும். தின்னுபவன் தின்னாதவனின் பருப்புக்காகப் போடட்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கினால் மறைத்து எடுத்துப் போகாதீர்கள். உழைத்துச் சம்பாதித்த காசில் வாங்கிய உணவு அது. தலை நிமிர்ந்து எடுத்துப் போங்கள். வீட்டுப் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் முதலில் பரிமாறுங்கள்.